கம்பியூட்டர் எரிந்ததற்கு டிரைவரின் சம்பளமா பலி?



கொழுந்து லொறி நின்றுபோனால் முதலில் அடிபடுவது யார்? துரையின் ஜீப் நிற்பதில்லை. நிற்பது நம்முடைய பிழைப்பு. மடுவத்தில் நிறுத்து வைத்த கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்து போகிறது. அடுத்த நாள் "கொழுந்து தரமில்லை" என்று கிலோவில் கை வைக்கிறார்கள். லயத்தில் நோயாளி கிடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அதே லொறிதான். ஆகவே லொறியின் எஞ்சின் கம்பியூட்டர் பழுதாவது டிரைவருக்கும் கம்பனிக்கும் மட்டும் உள்ள விவகாரம் அல்ல. மலையில் நிற்கும் ஒவ்வொருவருடைய விவகாரமும்தான்.

அண்மையில் ஒரு தோட்டத்திலிருந்து நமக்கு ஒரு முறைப்பாடு வந்தது. அங்குள்ள லொறி பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடிய பழைய லொறி. சாமான் ஏற்றும் தட்டின் இரும்புச் சட்டம் வெடித்திருந்தது. நிர்வாகத்தின் உத்தரவுப்படி தோட்டத்துப் பட்டறையில் அதை வெல்டிங் செய்தார்கள். பெற்றரி வயரைக் கழற்றவில்லை. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. வந்து பார்த்த கராஜ்காரர் ஒரு மீட்டரைக்கூட வெளியே எடுக்காமல் "கம்பியூட்டர் அவுட்" என்றார். கொழும்பில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கம்பியூட்டர் வந்தது. பூட்டியதும் எஞ்சின் நடுங்கிக்கொண்டும் புகை கக்கிக்கொண்டும் ஓடியது. இரண்டு நாளில் அதுவும் செத்தது. மூன்றாம் நாள் டிரைவரின் கையில் ஒரு கடிதம்: உமது கவனயீனத்தால் கம்பியூட்டர் எரிந்தது, பணத்தை மாதா மாதம் சம்பளத்தில் கழிக்கப் போகிறோம்.

இதுதான் நியாயமா? இந்த டிரைவர் அதற்கு முன்பே ரன்னிங் சார்ட்டில் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்: "ஏற்றத்தில் சூடானதும் எஞ்சின் நிற்கிறது." அதன் கீழே கையொப்பம் வைத்தவர்கள் ஒரு நாளாவது லொறியை எலக்ட்ரீஷனிடம் அனுப்பினார்களா? இல்லை. எழுதியவன் குற்றவாளி, படித்துவிட்டுச் சும்மா இருந்தவன் நீதிபதி!

விஷயத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். விளங்காதவரைக்கும்தான் நம்மை ஏமாற்ற முடியும். முந்திய லொறிகளில் அக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி நேராக டீசல் பம்பை இழுக்கும். கம்பியூட்டர் வைத்த லொறியில் அப்படி இல்லை. கால் மிதித்த அளவு, எஞ்சின் சுற்றும் வேகம், தண்ணீரின் சூடு, குழாயில் டீசலின் அழுத்தம் ஆகியவற்றைச் சென்சர்கள் சொல்கின்றன. கம்பியூட்டர் அவற்றைப் பார்த்து எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறது. பெற்றரியிலிருந்து வரும் 24 வோல்ட்டிலிருந்து சென்சர்களுக்கு 5 வோல்ட் கொடுப்பதும் அந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டி சாவதற்குக் காரணங்கள் உண்டு. வருடக்கணக்காகச் சூட்டிலும் அதிர்விலும் இருந்தால் உள்ளே ஈயப் பற்று வெடிக்கும், கெப்பாசிட்டர் கசியும். மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் போனால் பின்கள் பச்சை பிடிக்கும். பெற்றரியை மாற்றிப் பூட்டினால் எரியும். பெற்றரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தாலும் எரியலாம். வெல்டிங் செய்யும்போது பெற்றரி வயரைக் கழற்ற வேண்டும், எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்பது பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம். வெல்டிங்தான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் எதையும் சோதிக்காமல் டிரைவர்தான் காரணம் என்று நிர்வாகம் மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறது?

பல நேரம் கம்பியூட்டர் சாவதே இல்லை. செத்ததுபோல் காட்டும். எர்த் வயர் துருப்பிடித்திருந்தால், ரிலே பழுதானால், பியூஸ் போனால், ஸ்டார்ட் பண்ணும்போது பெற்றரி வோல்ட் விழுந்தால் இதே அறிகுறிதான். ஒரு சென்சர் வயர் உராய்ந்து பொடியில் பட்டால்கூட 5 வோல்ட் முழுவதும் விழுந்துவிடும், பெட்டி ஊமையாகிவிடும். கோளாறு சென்சருக்குள்ளேயே இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றியதும் உயிர் வந்துவிடும். ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணித்தியாலமும் இருந்தால் இவற்றைப் பார்த்துவிடலாம். பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா, 5 வோல்ட் இருக்கிறதா, ஸ்கேனரோடு பேசுகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதி வைக்காமல் பெட்டியைக் கழற்றுவது வேலை தெரிந்தவன் செய்யும் காரியம் அல்ல.

உண்மையிலேயே பெட்டி செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்கும் முறை உண்டு. பிளக் பொருந்தினால் போதாது, பெட்டியின் மேலுள்ள பாகம் இலக்கமும் பொருந்த வேண்டும். பல எஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் ஒரு திருத்தக் குறியீடு அச்சிட்டிருக்கும். அவற்றைப் புதிய பெட்டிக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் நடுக்கமும் புகையும் வரும். அந்தத் தோட்டத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பழைய பெட்டியை வீசக் கூடாது. அதிலுள்ள பதிவுகளைப் புதியதற்கு மாற்றித் தரக்கூடியவர்களும், அந்தப் பெட்டியையே திருத்தித் தருபவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பெட்டி ஏன் செத்தது என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதும் சாகும். இரண்டாவது பெட்டி இரண்டே நாளில் செத்தது எதைக் காட்டுகிறது? கோளாறு இன்னும் லொறியில்தான் இருக்கிறது, டிரைவரிடம் இல்லை.

"லொறி பழையது, நாங்கள் என்ன செய்வது?" என்று நிர்வாகம் கேட்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025இல்தான் மறுபடியும் கதவு திறந்தது. அது உண்மை. அந்த வருடங்களில் பழைய லொறிகளைக் கட்டி இழுத்து, வளைவிலும் மழையிலும் கொழுந்தை நேரத்துக்குச் சேர்த்தது யார்? அதே டிரைவரும் கிளீனரும்தானே! பழைய லொறிக்குக் கூடுதல் பராமரிப்பு தேவை. அந்தச் செலவைத் தவிர்த்த கம்பனி, அதன் விளைவைத் தொழிலாளியின் தலையில் கட்டப் பார்க்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அதிகாரமளிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் கழிக்க முடியாது. அந்தக் கழிவுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். "இதில் ஒரு கையொப்பம் வை, பிறகு பேசலாம்" என்று ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா? அந்தக் கையொப்பத்தைத்தான் நாளைக்குச் சம்மதம் என்று காட்டுவார்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு திட்டமும் இருக்கிறது. "தோட்டத்து லொறி இனிச் சரிவராது, கொழுந்து ஏற்றுவதைக் கொந்தராத்துக்குக் கொடுப்போம்" என்ற பேச்சு அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கொந்தராத்து லொறி வந்தால் டிரைவருக்கும் கிளீனருக்கும் வேலை போகும். அந்த லொறியில் வேலை செய்பவனுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுவது யார்? நடு இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்ற அந்த லொறி லயத்துக்கு வருமா? செத்த ஒரு பெட்டியைக் காட்டி ஒரு முழு உரிமையைப் பறிக்கப் பார்க்கிறார்கள்.

எனவே நமது கோரிக்கைகள் இவை:

1. அந்த டிரைவருக்குக் கொடுத்த கடிதத்தை உடனே வாபஸ் பெற வேண்டும்.

2. லொறியின் கம்பியூட்டரைக் கழற்றும் முன் சோதனை முடிவுகளை எழுத்தில் தர வேண்டும். தோட்டக் கமிட்டியின் பிரதிநிதி அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

3. ரன்னிங் சார்ட்டில் எழுதிய குறைக்கு ஒரு வாரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

4. பெற்றரி கழற்றாமல் எந்த வாகனத்திலும் வெல்டிங் செய்யக் கூடாது.

5. லொறி நின்ற நாட்களில் சிவந்த கொழுந்துக்காக யாருடைய கிலோவிலும் கை வைக்கக் கூடாது.

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் பகுதியில் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவாதீர்கள். வேறு லொறியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது பிளஸ், மைனஸை இரண்டு தடவை பாருங்கள். குறை கண்டால் வாயால் சொல்லி விடாதீர்கள், திகதி போட்டு ரன்னிங் சார்ட்டில் எழுதுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள். இன்று அந்தத் தோழரைக் காப்பாற்ற நம்மிடம் இருக்கும் பெரிய சாட்சி, அவர் கைப்பட எழுதிய அந்த இரண்டு வரிதான்.

கழிவுக் கடிதம் வந்தால் கையொப்பம் வைக்காதீர்கள். அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். தனியாக நின்றால் கடிதம் பெரிதாகத் தெரியும். சங்கமாக நின்றால் அது வெறும் காகிதம்.