ஆடாதீங்க ஸார்!

பாங்க் ஃபாரத்துக்கு ஒரு போட்டோ தேவைப்பட்டது. ஸ்டுடியோக்காரர் மூன்று முறை, "ஆடாதீங்க ஸார்!" என்றார். நான் மூச்சுகூட விடவில்லை. எனக்கே இந்தக் கதி என்றால், பெயரிலேயே ஆட்டத்தை வைத்திருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

அமெரிக்காவின் ஷேக்கர்களைச் சொல்கிறேன். 1774-ல் ஆன் லீ என்ற பெண்மணி இங்கிலாந்திலிருந்து எட்டுப் பேரோடு கப்பலேறி வந்து வளர்த்த கிறிஸ்தவப் பிரிவு. ஆராதனையில் பரவசம் வந்து குலுங்கி ஆடுவார்கள். அதனால் ஊர் வைத்த பெயர் அது. சொத்து எல்லாருக்கும் பொது. கல்யாணம் கிடையாது. ஒரே வீட்டில் இருந்தாலும் ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு. (மேன்ஷன்வாசிகள் பெருமூச்சு விட வேண்டாம்.)

சுவரில் படம் மாட்டக் கூடாதென்று 1845-ல் சட்டமே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் 1870-களில் கேமரா உள்ளே வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் இர்விங், நியூ ஹாம்ப்ஷயரில் கிம்பால் என்று வெளியாட்கள் வந்து எடுத்தார்கள். ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். அதற்கான கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆழத்தோடு தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாக வாங்கிப் போனார்கள். நாற்காலி, விதைப் பாக்கெட், துடைப்பம் என்று விற்றுப் பிழைத்தவர்கள், வாடிக்கையாளர் வரும்போது வாசலை அடைப்பார்களா? என் பி.காம். மூளைக்கு இது புரிகிறது.

அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் சில விநாடிகளாவது சிலையாக நிற்க வேண்டும். அதனால் படங்களில் வெள்ளைக் குல்லாய்ப் பெண்கள், அகலத் தொப்பி ஆண்கள், எல்லாரும் தூண் மாதிரி. ஆட்டம் வேண்டுமானால் பழைய அச்சுச் சித்திரங்களைத் தேட வேண்டும். நாம் போட்டோவைப் பார்த்துவிட்டு, 'எவ்வளவு அமைதியான ஜனங்கள்!' என்கிறோம். அதில் பாதி அமைதி கேமராவுடையது. "அதெல்லாம் இல்லை, எங்க பாட்டி பிரமாதமா ஆடுவா" என்று மறுத்துச் சொல்ல ஒரு பேரன் கிடையாதே!

பிற்பாடு ஷேக்கர்களே கேமரா பிடித்தார்கள். மெய்ன் மாநிலத்து சப்பாத்டே லேக்கில் டெல்மர் வில்சன் அப்படி ஒருவர். 1923-ல் எடுத்த ஒரு படத்தில், அவர் செய்த 1,083 கைப்பிடி வைத்த மரப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, கூடவே அவர். இன்று மிச்சமிருப்பது அந்த ஒரு கிராமம்தான். அதிலும் ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

என் போட்டோ வந்தது. மனைவி உற்றுப் பார்த்தாள்.

"யாருங்க இந்த சாது?"