பொட்டிப்புரத்தை நம்பிப் படித்தவர்கள்

போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போனால் மதிகெட்டான் சோலை. அந்தத் தேசியப் பூங்காவின் எல்லைக்கும், மலைக்கு இந்தப் பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குறித்த இடத்துக்கும் நடுவே 5 கிலோமீட்டர்கூட இல்லை. அதைக் காரணம் காட்டித்தான் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. புலி, குடிநீர், பாறைக்கு வைக்கும் வெடி என்று அந்த வழக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த ஆய்வகத்தை நம்பிப் படித்த பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

நியூட்ரினோ ஆய்வு நமக்குப் புதிதல்ல. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவுசெய்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அந்தச் சோதனைகள் நின்றுபோயின. விட்ட இடத்தைப் பிடிக்கத்தான் பொட்டிப்புரத்தின் போடி மேற்கு மலை. 50,000 டன் இரும்புக் காந்தம், சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதற்கென்றே 2008இல் முனைவர் பட்டப் பயிற்சி தொடங்கியது. மாணவர்கள் கருவி கட்டக் கற்றார்கள். மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரி இயங்கவும் செய்தது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2018இல் சிறப்பு அனுமதி, பிறகு வனவிலங்கு வாரியத்தைக் கேள் என்ற உத்தரவு. 2022இல் இங்கே அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் இந்தத் தேதிகளுக்கு நடுவே எங்கே நிற்பார்? பட்டம் வாங்கியதும் கருவி இருக்கும் நாட்டுக்குப் போவார். பலர் போனார்கள். சீனாவில் ஜூனோ ஆய்வகத்தின் கட்டுமானம் 2015இல்தான் தொடங்கியது. நியூட்ரினோக்களின் நிறை வரிசை என்ன என்ற, பொட்டிப்புரமும் கேட்கவிருந்த அதே கேள்விக்காக அது 2025 ஆகஸ்டில் தரவு எடுக்க ஆரம்பித்துவிட்டது.

பொட்டிப்புரத்து மக்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் மலையை எதற்குக் குடைகிறார்கள் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கேள்வி இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். முடியாது என்பதும் ஒரு பதில்தான். அது முதல் ஆண்டிலேயே வந்திருந்தால் மாணவர்கள் வேறு துறைக்கு மாறியிருப்பார்கள். ஆளை ஊரைவிட்டு அனுப்புவது பதிலே இல்லாத ஆண்டுகள்.

நமது கொள்கையோ போனவர்களைக் கூப்பிடுவதிலேயே குறியாக இருக்கிறது. ராமானுஜன், ராமலிங்கசுவாமி நிதியுதவிகள் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு. நல்ல திட்டங்கள்தான், ஆனால் இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு என்ன வழி? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் நிரந்தர வேலைகள் குறைவு. இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகையை 2023இல் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அது மாதாமாதம் வந்து சேர்வதில்லை என்ற புலம்பல் எந்த ஆய்வு மாணவர் விடுதியிலும் கேட்கும்.

2025இல் நேச்சர் இதழின் கருத்துக்கணிப்பில் பதிலளித்த அமெரிக்க விஞ்ஞானிகளில் முக்கால்வாசிப் பேர் வெளியேறுவதை யோசிப்பதாகச் சொன்னார்கள். அவர்களை ஈர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 50 கோடி யூரோ அறிவித்தது. நாமும் கூப்பிடலாம். அதற்கு முன்னால் இங்கே இருப்பவர்களுக்குச் சில உறுதிகள் தர வேண்டும்: உதவித்தொகைக்குக் குறித்த தேதி, பெரிய திட்டங்களின் அனுமதிக்குக் காலக்கெடு, திட்டம் நின்றால் அதில் பயிற்சி பெற்றவர்களுக்கு வேறு ஆய்வகத்தில் இடம். பொட்டிப்புரம் இல்லையென்றால் வேறு எந்த மலை, அல்லது கைவிட்டாயிற்றா என்பதை மத்திய அரசு அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும்.