பட்டினிக்கு விற்கப்படும் மீன்

கடல்மீன் கடையில் நீல விளக்கெரியும் தொட்டிக்கு முன்னால் ஒருமுறையாவது நின்றவருக்கு இந்த மீனைத் தெரிந்திருக்கும். தட்டையான சிறிய உடல், மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள், கண்ணை மறைக்கும் ஒரு கரும்பட்டை. வண்ணத்துப்பூச்சி மீன். குழந்தைகள் கையை நீட்டிக் கேட்பதும் இதைத்தான். லண்டனின் ஹரோவிலும் இல்ஃபோர்டிலும் வரவேற்பறையில் முருகைக்கல் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்களிடம் வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் குடும்பத்தின் பல இனங்களை வீட்டுத் தொட்டியில் உயிரோடு வைத்திருக்க முடியாது. அது தெரிந்தும் அவை விற்கப்படுகின்றன.

காரணம் அவற்றின் வாயில் இருக்கிறது. கேட்டோடான் என்ற அறிவியல் பெயருக்கே மயிர்ப்பல் என்றுதான் பொருள். முருகைக்கல் நமக்குக் கல்லாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு முழுவதும் கடுகளவான உயிர்களின் கூட்டம். தூரிகை போன்ற அந்தப் பற்களால் மீன் பகல் முழுவதும் அவற்றைக் கொத்தித் தின்கிறது. குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உண்டு. செவ்ரான், மெலன், மேயர், ஆர்னேட், எட்டுக்கோட்டு மீன் போன்றவற்றுக்கு இதுவே கிட்டத்தட்ட முழு உணவு. செவ்ரானோ ஒருசில வகை முருகைக்கல்லை விட்டு வேறெதையும் நாடுவதில்லை. உறைய வைத்த இறால், புழு, தூள்தீனி எதைப் போட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பாராது.

வாங்குபவர் என்ன செய்வார்? முருகைக்கல் உள்ள தொட்டியில் விட்டால், பணத்தையும் மாதங்களையும் கொட்டி வளர்த்ததை அது மொட்டையடிக்கும். தின்று தீர்ந்தபின் அதற்கும் பட்டினி. வெறும் பாறைத் தொட்டியில் விட்டால் முதல் நாளிலிருந்தே பட்டினி. வயிறு ஒட்டும். தலைக்குப் பின்னால் முதுகுத்தசை கரைந்து கத்திமுனை போலாகும். நிறம் கடைசிவரை மங்காமலும் இருக்கலாம். அதனால் பார்ப்பவர் அதை நோயென்றோ தண்ணீர்க் கோளாறென்றோ நினைத்துக்கொள்கிறார். இறந்ததும் இன்னொன்று வாங்குகிறார்.

எல்லா இனங்களும் இப்படி இல்லை. ரக்கூன், ஆரிகா போன்றவை பலதும் தின்னும். பழகினால் இறாலும் எடுக்கும். நீண்ட மூக்குள்ள காப்பர்பேண்டை, தொட்டியில் களையாகப் பரவும் எப்டேசியா என்ற கடற்சாமந்தியைத் தின்னும் என்று சொல்லி விற்கிறார்கள். தின்னலாம், தின்னாமலும் போகலாம். எப்டேசியா தீர்ந்த பிறகு அது எதைத் தின்னும் என்று விற்பவர் சொல்வதில்லை.

இந்த மீன்கள் எங்கிருந்து வருகின்றன? பண்ணையிலிருந்து அல்ல. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தலையில் எலும்புக் கவசம் தாங்கி, வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து வளர்கிறது. அதைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது மிகவும் கடினம். ஆகவே கடையில் இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடிபட்டவை. பிடித்தபின் தண்ணீர் கெடாதிருக்க அவற்றைப் பட்டினி போடுகிறார்கள். ஆக்சிசன் நிரப்பிய பைகளில் கொழும்பு போன்ற நகரங்களிலிருந்து ஹீத்ரோவுக்கு அனுப்புகிறார்கள். ஏற்கெனவே சாப்பிடாத மீன்தான் இங்கே வந்து இறங்குகிறது.

இலங்கைக் கரைகளில் மொக்சி வலை என்று ஒன்று உண்டு. ஈயம் கட்டிய வலையை முருகைக்கல்லின் மேல் கவிழ்த்து, ஒளிந்த மீன் வெளியே வரும்வரை கல்லையே உடைப்பார்கள். அது தடைசெய்யப்பட்ட முறை. பிரித்தானியாவின் கடல் பாதுகாப்புச் சங்கத்துக்காக எலிசபெத் வூட் 1985இலேயே இந்த மீன் வணிகத்தைப் பற்றி எழுதி எச்சரித்தார். 1998இல் கொண்டுவந்த விதிகளின்படி இலங்கை சில இனங்களின் ஏற்றுமதியைத் தடுத்தது. அதே ஆண்டில் கடல் சூடேறி, ஹிக்கடுவையிலும் கல்பிட்டிப் பக்கத்திலும் ஆழமற்ற முருகைக்கல் பெருமளவு வெளிறி மாண்டது. திருகோணமலைப் புறாத்தீவுப் பக்கம் தப்பியது. முருகைக்கல் சாகும் இடத்தில் அதைத் தின்னும் மீனும் குறையும். அதனால்தான் ஆய்வாளர்கள் பாறையின் நலத்தை அறிய இந்த மீனை எண்ணுகிறார்கள். 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரு வெளிறல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் எஞ்சியவற்றைப் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

லண்டனுக்கு இது புதிய கதையல்ல. உலகின் முதல் பொது மீன்காட்சியகம் 1853இல் ரீஜன்ட்ஸ் பூங்காவில்தான் திறந்தது. அக்வேரியம் என்ற சொல்லைப் பரப்பிய பிலிப் ஹென்றி கோஸின் நூல்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்தின் கரைகளுக்குப் போய்ப் பாறைக்குழிகளை வழித்தெடுத்தார்கள். அந்தக் குழிகள் எப்படி வெறுமையாயின என்பதை அவருடைய மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் துயரத்தோடு பதிவு செய்தார். அன்று லண்டனின் ஆசைக்கு டெவன் கரை காலியானது. இன்று காலியாவது நம் ஊர்க் கரை.

இதே லண்டனில் ஃபாரஸ்ட் ஹில்லின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸின் குழு, நிலவொளியையும் பருவத்தையும் போலியாக உண்டாக்கித் தொட்டியிலேயே முருகைக்கல்லை முட்டையிட வைத்திருக்கிறது. கடலிலிருந்து பறிக்காமல் வளர்க்கும் அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை.

சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் மீனுக்கும் பொருந்தும். வளர்ப்பவர் தகுந்த உணவு கொடுக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் செல்லப்பிராணிக் கடைகள் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி கவுன்சிலிடம் உரிமம் பெற வேண்டும். பிறகு, முருகைக்கல் மட்டுமே தின்னும் மீனைக் கடை எப்படி விற்கிறது? அந்தக் கல்லை நாட்டுக்குள் கொண்டுவரப் பன்னாட்டு உடன்படிக்கைப்படி அனுமதித் தாள் வேண்டும். அதைத் தின்றுதான் பிழைக்க வேண்டிய மீனுக்கு அந்தத் தாள் தேவையில்லை.

இந்த இனங்களின் பட்டியலை அரசு வெளியிட்டு அவற்றின் விற்பனையை நிறுத்த வேண்டும். கவுன்சில்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தொட்டிகளை இதற்காகவே பார்க்க வேண்டும். வாசகர்கள் அதற்குக் காத்திருக்க வேண்டாம். கடைக்காரரிடம் உங்கள் கண்முன்னே மீனுக்குத் தீனி போடச் சொல்லுங்கள். அது தின்னாவிட்டால் வாங்காதீர்கள். பரிதாபப்பட்டு வாங்கினாலும் அந்த இடத்துக்கு இன்னொரு மீனை வரவழைப்பீர்கள். வாங்காத காரணத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கடையின் பெயரோடு உங்கள் கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதுங்கள்.