சாம்பல் நிறத்து இன்ஜின்



போன ஆண்டு நம் கல்லூரிக் கண்காட்சியில், மெக்கானிக்கல் பிரிவு மேசை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு நீராவி இன்ஜின் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'அயர்லாந்து ரயில்வே, எண் 186' என்று கீழே எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். அதைச் செய்தவன் அடியேன்தான்.

அந்த இன்ஜின் தப்பு. நிறமும் தப்பு, எண்ணும் தப்பு. பரிசு வாங்கி நாலு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. கமுக்கமாக இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அறைத் தோழனிடம் மட்டும் சொன்னேன். "விடு மச்சான், அயர்லாந்துக்காரன் எவனாவது வந்து பாக்கப் போறானா?" என்றான். மூன்று வருட டிப்ளமோவில் நாம் அடிக்கடி கேட்கிற, அடிக்கடி சொல்லிக்கொள்கிற வாக்கியம் இது. இதற்குப் பதில் சொல்லத்தான் மலர்க்குழுவிடம் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில், ஏன் அயர்லாந்து? பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போட்டிருந்த ஆங்கில ரயில் பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கத்தில் ஒரு இன்ஜின் படம் இருந்தது. முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என மூன்றும் அளவோடு. அதுவரை டிராயிங் ஹாலில் நான் வரைந்ததெல்லாம் நக்கிள் ஜாயின்ட்டும் பிளம்மர் பிளாக்கும்தான். இதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

அது கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 101 வகுப்பு. பிற்காலத்தில் ஜே15 என்று பெயர். ஆறு சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்த சரக்கு இன்ஜின். 1866 முதல் 1903 வரை 111 இன்ஜின்கள் கட்டினார்கள். அயர்லாந்தில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறு எந்த வகுப்பும் கிடையாது. டப்ளினில் உள்ள இன்ச்சிகோர் பணிமனையில் பெரும்பகுதி உருவாயிற்று; சிலவற்றை இங்கிலாந்தின் பேயர் பீக்காக், ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனிகள் செய்து கொடுத்தன. சரக்கு வண்டி, கிளைப்பாதைப் பயணிகள் வண்டி, ஷண்டிங் என்று எதற்குக் கூப்பிட்டாலும் வரும். நம்ம ஊர் டிராக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தேசிய நிறுவனமான சி.ஐ.இ. நீராவியைக் கைவிடும் வரை உழைத்த வகுப்பு.

இதை 4 மில்லிமீட்டர் அளவில் செய்ய முடிவு செய்தேன். அதாவது நிஜத்தில் ஒரு அடி, மாடலில் 4 மி.மீ. நிஜச் சக்கரத்தின் விட்டம் 5 அடி 1¾ அங்குலம். கணக்குப் போட்டால் 20.6 மி.மீ. வருகிறது. இதுவரை சிக்கல் இல்லை. தண்டவாளத்துக்கு வந்தபோதுதான் தலை சுற்றியது.

அயர்லாந்தின் ரயில் பாதை அகலம் 5 அடி 3 அங்குலம், 1600 மி.மீ. அது எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1834இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்குப் போட்ட முதல் பாதை 4 அடி 8½ அங்குலம். பெல்ஃபாஸ்ட் பக்கம் அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தில் போட்டது. டப்ளின் - டிராகடா பாதைக்காரர்கள் 5 அடி 2 அங்குலம் என்றார்கள். மூன்று கம்பெனி, மூன்று அகலம்! கடைசியில் அரசின் வர்த்தக வாரியம் தலையிட்டு யாருக்கும் சொந்தமில்லாத 5 அடி 3 என்று தீர்ப்பு வழங்கியது. 1846இல் சட்டமே வந்தது. ஆக, மூன்று பேருமே தோற்றார்கள்.

4 மி.மீ. அளவில் அது 21 மி.மீ. ஆனால் உலகம் முழுக்கக் கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மி.மீ. அதையே நிஜ அளவுக்குப் பெருக்கினால் 4 அடி 1½ அங்குலம்தான் வரும். ஒரு அடிக்கு மேல் குறைகிறது. ஐரிஷ் இன்ஜினை அதன் மேல் நிறுத்தினால், பெரிய மனிதர் ஒருவர் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். அங்குள்ள மாடல் கலைஞர்களில் பலர் 'போகட்டும், வண்டி ஓடினால் சரி' என்று 16.5இலேயே ஓட்டுகிறார்கள். சிலர் மட்டும் பிடிவாதமாக 21 மி.மீ. பாதையைத் தாங்களே கையால் போடுகிறார்கள். என் கட்சி இரண்டாவது. என் இன்ஜின் ஓடாது, தள்ளினால் நகரும், அவ்வளவே. ஓடாத வண்டிக்குப் பொய்யான பாதை எதற்கு? (நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதையை இதே அளவில் செய்தால் 22 மி.மீ. வரும். அதற்கும் கடையில் கிடைக்கும் 16.5 பொருந்தாது. ஆக, அயர்லாந்துக்காரர் கஷ்டம் நமக்கும் உண்டு.)

அட்டை, பித்தளைத் தகடு, சால்டரிங் அயர்ன், உப்புத்தாள், இரண்டு செமஸ்டர் லீவு. பாய்லருக்குப் பித்தளைக் குழாய். புகைபோக்கியை ஒர்க் ஷாப் லேத்தில் கடைந்தேன். மூன்று வீணாகி நாலாவதுதான் தேறியது. வெர்னியர் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தேன். அளவில் எவரும் குறை சொல்ல முடியாது என்று இப்போதும் சொல்வேன்.

நிறத்தில்தான் கோட்டை விட்டேன். பத்திரிகையில் வரைபடத்தின் பக்கத்தில் ஒரு கறுப்பு-வெள்ளைப் புகைப்படம். இன்ஜின் கறுப்பாகத் தெரிந்தது. நீராவி இன்ஜின் என்றால் கறுப்பு என்று சின்ன வயதிலிருந்தே மனதில் ஊறிய எண்ணம் வேறு. யோசிக்கவே இல்லை. ஒரு டப்பா கறுப்பு எனாமல், வேலை முடிந்தது.

அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது: 1925இல் பல கம்பெனிகளை இணைத்து உருவான கிரேட் சதர்ன் ரயில்வேஸ் தன் இன்ஜின்களுக்குப் பொதுவாகப் பூசிய நிறம் சாம்பல். கோடு, அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் சாம்பல். அதன் மேல் கரியும் எண்ணெயும் படிந்தால் கறுப்பு-வெள்ளைப் படத்தில் எப்படித் தெரியும்? கறுப்பாகத்தான் தெரியும்! 1939-40இல் இன்ச்சிகோரில் கட்டிய 800 வகுப்பின் மூன்று எக்ஸ்பிரஸ் இன்ஜின்களுக்கு மட்டும் பச்சை நிறம், ஐரிஷ் எழுத்தில் பொறித்த பழங்கதை அரசிகள், தேவதைகளின் பெயர். அவற்றில் முதலாவதான 'மேவ்' இப்போது பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ராணிக்குப் பச்சை, பாட்டாளிக்குச் சாம்பல். நான் செய்தது பாட்டாளியை.

புகைப்படத்தை நம்பலாம் என்று நாம் நினைக்கிறோம். அயர்லாந்தின் தேசிய நூலகத்தில் லாரன்ஸ் தொகுப்பு என்று ஏறத்தாழ 40,000 கண்ணாடித் தகடுப் படங்கள் இருக்கின்றன. பழைய ஸ்டேஷன்களை அறிய அது ஒரு சுரங்கம். ஆனால் அந்தக் காலத் தகடுகளில் பூசிய ரசாயனத்துக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, நீல ஒளி நன்றாக உறைக்கும். ஆகவே சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். படத்தைப் பார்த்து நிறம் சொல்வது கிளி ஜோசியம்தான். 1930களில் கிரேட் நார்தர்ன் ரயில்வே தன் சிறந்த பயணிகள் இன்ஜின்களுக்கு வான நீலம் பூசியது. அதை வெறும் கறுப்பு-வெள்ளைப் படத்திலிருந்து எவரால் ஊகிக்க முடியும்?

இனி எண். 111 இன்ஜின்களில் இன்று உயிரோடு இருப்பவை இரண்டே இரண்டு: 1879இல் வந்த 186, 1880இல் வந்த 184. இரண்டையும் பாதுகாப்பது 1964இல் தொடங்கிய அயர்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கம். ஒரே வகுப்புதானே என்று பார்த்தால், 184க்கு மேல்பக்கம் உருண்டையான பழைய பாணி ஃபயர்பாக்ஸ். 186க்குப் பின்னாளில் மாட்டிய பெல்பேர் ஃபயர்பாக்ஸ், தோள்பட்டை சதுரமாக நிற்கும். நான் செய்தது உருண்டை, ஒட்டியது 186. எண் அழகாக இருந்தது, ஒட்டிவிட்டேன். ஒருவர் உடம்பில் இன்னொருவர் தலையை ஒட்டவைத்த சினிமா போஸ்டர் கதைதான்.

சினிமா என்றதும் இன்னொன்று. 1978இல் ஷான் கானரி நடித்த ரயில் கொள்ளைப் படம் ஒன்றை அயர்லாந்தில் எடுத்தபோது, 184ஐ 1855ஆம் வருட இங்கிலாந்து இன்ஜின் போல வேஷம் போட்டு நடிக்க வைத்தார்கள். டிரைவர் நிற்கும் கூண்டைக்கூடக் கழற்றிவிட்டார்கள். அந்த வேஷத்தில் எடுத்த புகைப்படங்கள் இன்றும் உலவுகின்றன. அதைப் பார்த்து ஒருவன் அசல் 184 இதுதான் என்று மாடல் செய்தால் என்ன ஆகும்? அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 'எந்த இன்ஜின்?' என்று மட்டும் கேட்பதில்லை, 'எந்த வருஷம்?' என்றும் கேட்கிறார்கள். 1955இல் மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ் கம்பெனியிடமிருந்து வரத் தொடங்கிய ஏ வகுப்பு டீசல்கள் அறுபதும் முதலில் வெள்ளிப் பூச்சு. அழுக்குத் தாங்காமல் பச்சையாயின. பிறகு கறுப்பும் காவிப்பழுப்பும். 1960களின் பிற்பகுதியிலிருந்து உள்ளே இருந்த கிராஸ்லி எஞ்சினையும் பிடுங்கிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் வைத்தார்கள். வருஷம் தெரியாமல் ஒரு டப்பா பெயிண்ட்கூட வாங்க முடியாது!

இன்ஜினுக்கே இந்தப் பாடு என்றால் சரக்குப் பெட்டிகளை என்ன சொல்ல! மாடல் செய்கிறவர்களுக்கெல்லாம் இன்ஜின் மேல்தான் கண். ஆனால் அந்த நாட்டு ரயிலுக்குச் சோறு போட்டதில் மாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சந்தை நாளில் ஊர் ஊராக மாடு ஏற்றித் துறைமுகத்துக்குப் போகும் தனி வண்டிகள் ஓடின. கூரையின் நடுப்பகுதி திறந்திருந்து தார்ப்பாய் போட்டு மூடும் ஒரு வகைப் பெட்டி உண்டு. இன்று மாடு ஏற்றலாம், நாளை சரக்கு ஏற்றலாம். என்ன புத்திசாலித்தனம்! இன்ஜினைப் படம் பிடித்தவர்கள் பின்னால் வந்த மாட்டுப் பெட்டியை எங்கே கவனித்தார்கள்? படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அந்தப் பாதியிலிருந்து பலகைகளை எண்ணி, தெரிந்த சக்கர விட்டத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு முழுப் பெட்டியை எழுப்ப வேண்டும். இன்ஜினைவிட இது கஷ்டம். அடுத்து நான் செய்யப் போவது அதைத்தான்.

இப்போது அறைத் தோழன் கேள்விக்கு வருகிறேன். எவன் வந்து பார்க்கப் போகிறான்?

1957இல் புல்லீட் என்ற புகழ்பெற்ற எஞ்சினியர் இன்ச்சிகோரில் ஒரு விநோத இன்ஜின் கட்டினார். அயர்லாந்தில் நிலக்கரி அரிது, சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் கரி மண் ஏராளம். அதை எரித்து ஓடும் இன்ஜின் அது. பெயர் சிசி1. ஒன்றே ஒன்றுதான் முழுதாகக் கட்டினார்கள், 1965இல் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்று அதை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டுமானால் மாடலில்தான் பார்க்க வேண்டும். சரிபார்க்க அசல் கிடையாது. அதைச் செய்கிறவன் 'எவன் பார்க்கப் போறான்' என்று ஒரு கதவை இஷ்டத்துக்கு வைத்தால், அடுத்து வருகிறவன் அந்தக் கதவை உண்மை என்று நம்பி வரைவான். பொய் அப்படித்தான் சரித்திரம் ஆகிறது. சிரில் ஃப்ரை என்ற ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன் 1920, 30களில் தொடங்கிக் கையால் செய்த ஐரிஷ் ரயில் மாடல்கள் இன்று டப்ளின் அருகே மாலஹைடில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் காலத்தில் அசல் வண்டிகள் கண்ணெதிரே ஓடின. இன்று அவற்றில் எத்தனையோ இல்லை. அவர் கை அளவுதான் சாட்சி.

"பொம்மைக்கு இவ்வளவு சீரியஸா?" என்பார்கள். பொம்மை என்றால் சிவப்பு, மஞ்சள் எதுவும் பூசலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 'அயர்லாந்து ரயில்வே, எண் 186' என்று நான் எழுதி ஒட்டினேனே, அப்போதே அது பொம்மை இல்லை, அது ஒரு வாக்குமூலம். டிராயிங்கில் அளவு தெரியாத இடத்தில் நாம் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு வருவது போலத்தான் இதுவும். ஒர்க் ஷாப்பில் அதை நம்பி ஒருவன் வெட்டுவான் என்று நாம் நினைப்பதே இல்லை.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன். "சார், இது தப்பா செஞ்சதுக்கு வாங்கினது சார்" என்றேன். முழுவதும் கேட்டார். "அளவெல்லாம் சரியா?" "சரி சார்." "அப்போ சர்டிபிகேட்டை வச்சுக்கோ. பெயிண்ட்டைச் சுரண்டு. அடுத்த கண்காட்சிக்கு மறுபடி வை. என்ன தப்பு செஞ்சேன்னு பக்கத்துல எழுதியும் வை" என்றார். பரிசைத் திருப்பிக் கொடுப்பதைவிட இது கஷ்டம்!

பெயிண்ட்டைச் சுரண்டியாகிவிட்டது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் தயார். சின்னப் பொருளில் நிறம் நிஜத்தைவிட அடர்த்தியாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் வெளுப்பாகவே கலந்திருக்கிறேன். பக்கத்தில் வைக்க ஒரு அட்டையும் எழுதிவிட்டேன். அதில் மூன்று பத்தி: வரைபடத்தில் பார்த்தது, கணக்குப் போட்டது, ஊகித்தது. மூன்றாவது பத்திதான் நீளம். எண் பலகை மட்டும் பாக்கி. 186இல் 6ஐப் பிரித்துவிட்டு ஒரு 4 வெட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு யாரிடமாவது துண்டாக இருந்தால் ஹாஸ்டல் 14ஆம் அறைக்குக் கொண்டு வரவும். டீ என் செலவு.