வாயைக் கட்டுன்னு சொல்ற மகாராசாக்களுக்கு

ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ல வர்ற சர்க்கரைக்காரருக்குக் குறைச்ச எடை திரும்ப ஏறினா போதும், 'வாயைக் கட்டத் தெரியல'ன்னு தீர்ப்பு! அட போங்கப்பா. வாராவாரம் ஷிஃப்ட் மாறுது. தூங்குற நேரத்துல சாப்பாடு, அதுவும் மலையா சோறு, ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல், சர்க்கரை போட்ட டீ. சுகர் ஏறாம என்ன பண்ணும்?

2017ல வந்த பிரிட்டன் 'டைரக்ட்' ஆய்வுல 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை இறங்குச்சு. ஆனா அவங்களுக்கு சாப்பாட்டைத் திட்டம்போட்டுக் கொடுத்து, வருஷம் முழுக்கக் கூடவே ஆள் நின்னாங்க சாமி!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2024ல ஆலைகளுக்குள்ளயும் வந்துச்சு. ரொம்ப நல்லது. விரல்ல குத்திப் பார்த்துட்டு அதே தட்டுக்கே அனுப்பினா? நைட் ஷிஃப்ட்டுக்கு அவிச்ச முட்டையும் சுண்டலும் வைக்க கேண்டீன் கமிட்டிக்கு என்னய்யா கஷ்டம்?