கடைவீதி யாருடைய குத்தகை?

ஊர்க் கடைவீதிகளில் இப்போது வண்டி நிறுத்த இடமில்லை. சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும் பேருந்து திரும்ப முடிவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஊரே கூடி வழிவிட வேண்டியிருக்கிறது. கோடு போட்டு, சீட்டுக் கிழித்து, வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கலாம் என்ற யோசனை நகரங்களைத் தாண்டி ஊராட்சிகளிலும் பேசப்படுகிறது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்கு வேண்டும். ஆனால், அந்த ஒழுங்கை வகுப்பது யார், அதில் யாருடைய இடம் பறிபோகிறது, வரும் பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

தெரு நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் எந்த வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கடைகளுக்குள் நுழையவும் சாலைகளைப் பயன்படுத்தவும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் தலித்துகள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. நடக்கும் உரிமையிலிருந்து வண்டி ஓட்டும் உரிமைக்கு வர இத்தனை காலம். வண்டியை நிறுத்தும் உரிமையையும் சாதியின் கையில் விட்டுவிடக் கூடாது.

சிக்கல் ஏலத்தில் தொடங்குகிறது. சந்தை, வண்டிப்பேட்டை போன்றவற்றுக்குக் கட்டணம் வசூலிக்க 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இடம் தருகிறது. வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். ஏலத் தேதி எந்தப் பலகையில் ஒட்டப்படுகிறது? சேரியில் தண்டோரா போடப்படுகிறதா? முன்வைப்புத் தொகை யாரால் கட்டக்கூடியது? ஏலத்துக்கு முதல் நாளே நாலு பேர் கூடிப் பேசி முடித்துவிட்டால், மறுநாள் நடப்பது வெறும் கையெழுத்துதான். ஊராட்சியின் பொதுச் சொத்து ஏலங்கள் ஆதிக்கச் சாதிகளின் பிடியில் இருந்த வரலாறு நமக்குத் தெரியும். அந்தப் பிடி தளர்ந்துவிடுமோ என்ற ஆத்திரத்துக்கும் மேலவளவில் பங்குண்டு. அங்கே 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

தொகை சிறியதல்ல. ஒரு நாளைக்கு 200 வண்டிகள், வண்டிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 3,65,000 ரூபாய். அது ஊராட்சிக் கணக்குக்கு வந்தால் காலனிக்குத் தெருவிளக்கும் வடிகாலும் ஆகும். சொற்பத் தொகைக்குக் குத்தகை போனால் மிச்சம் தனியார் பைக்குப் போகும். சீட்டுக் கொடுப்பவர் யாரை ‘வாங்க’ என்கிறார், யாரை ‘டேய், எடுடா’ என்கிறார் என்பதும் குத்தகை யாரிடம் என்பதைப் பொறுத்தே இருக்கும்.

அடுத்து, கோடு போடும் இடம். கடைவீதி ஓரம் காலியிடமல்ல. அங்கே சாக்கு விரித்துக் கீரை விற்கும் அக்கா இருக்கிறார். கருவாட்டுக் கூடையோடு ஆத்தா இருக்கிறார். மரத்தடியில் செருப்புத் தைக்கும் அண்ணன் இருக்கிறார். கடை பிடிக்க முன்பணமில்லாத நம் மக்கள்தான் இவர்களில் மிகுதி. வெள்ளைக் கோடு விழும் நாளில் முதலில் எழுப்பப்படுவது இவர்கள்தான். வாசலைத் தாண்டிக் கூரை இறக்கிய பெரிய கடைகள் அல்ல. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் தர வேண்டும். நகர நிர்வாகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. கிராமத்துக் கடைவீதியில் கூடை வைத்திருப்பவருக்கு அப்படி ஒரு குழு இல்லை. அவர் பேசக்கூடிய ஒரே மன்றம் கிராம சபைதான்.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. எங்கே கோடு, எவ்வளவு கட்டணம், எத்தனை நிமிடம் இலவசம் என்பதைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்யுங்கள். கோடு போடும் முன் தரையில் அமர்ந்து விற்பவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு அதே வீதியில் இடம் ஒதுக்குங்கள். சைக்கிளுக்கும், ரேஷன் கடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருபவர்களின் வண்டிகளுக்கும் கட்டணம் வேண்டாம். வசூலைத் தனியாருக்கு விடாமல், தலித் பெண்கள் இருக்கும் மகளிர் குழுவிடம் கூலி பேசி ஒப்படையுங்கள். குத்தகைதான் என்றால், ஏல அறிவிப்பைக் காலனியிலும் ஒட்டுங்கள். முன்வைப்புத் தொகையில் சலுகை கொடுங்கள். மாத வசூலை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. காலனிக்காரர்கள் பின்வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் கூட்டமாக அது இனியும் இருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குக் கீரை விற்கும் அக்காவையும் செருப்புத் தைக்கும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு போவோம். நிறுத்தக் கட்டணம் பற்றிய தீர்மானம் அவர்கள் பேசிய பிறகு எழுதப்படட்டும்.