'போதும்'னு ஒரு நம்பர்

பிளேஸ்மென்ட் சீசன் முடியப்போகுது. நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல இப்போ பேச்செல்லாம் பேக்கேஜ் பத்திதான். எவ்வளவு வருதுன்னு எல்லாரும் கேட்கிறோம். எவ்வளவு போதும்னு கேட்டு ஒரு மெசேஜ் கூட இதுவரை நான் பார்க்கலை. முதல் சம்பளம் அக்கவுண்ட்ல விழுறதுக்கு முன்னாடியே அந்த 'போதும்' நம்பரை எழுதி வைங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பொண்ணு, அதனால உதாரணமெல்லாம் அந்தப் பக்கமிருந்தே வரும். உங்க நம்பிக்கை வேறயா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில ஒரு பணக்காரன் வர்றான். நல்ல விளைச்சல், பழைய களஞ்சியத்துல இடம் பத்தலை. இடிச்சுட்டு பெருசா கட்டுவோம், அப்புறம் வருஷக்கணக்கா உக்காந்து சாப்பிடுவோம்னு பிளான் போடறான். அன்னைக்கு ராத்திரியே செத்துப் போறான். சண்டே ஸ்கூல்ல இவனைப் பெரிய வில்லனாக் காட்டுவாங்க. திரும்பப் படிச்சுப் பாருங்க. அவன் யாரையும் ஏமாத்தினதா அங்க எழுதலை. எம்பிஏ படிச்ச யாரும் ஓகே சொல்ற பிளான் அது. அதே லூக்கா 14-ல, கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானான்னு இயேசு கேட்கிறார். அதனால பிளான் போடறது விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆதியாகமத்துல யோசேப்பும் களஞ்சியம்தான் நிரப்பினான். எகிப்துல ஏழு வருஷம் தானியம் சேர்த்து, பஞ்சம் வந்தப்போ திறந்து விட்டான். (சும்மா கொடுக்கலை, வித்தான். அதுவும் பைபிள்லயே இருக்கு.) அந்தக் களஞ்சியத்துல பசிச்சவங்களுக்கு இடம் இருந்துச்சு. லூக்கால வர்ற பணக்காரனோட பிளான்ல அவனைத் தவிர இன்னொரு ஆளே கிடையாது.

இன்னொரு ஜோசப் நம்ம மதுரைப் பக்கமே வாழ்ந்திருக்கார். திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் ரோட்டில போனா டி.கல்லுப்பட்டி. அங்க காந்தி நிகேதன் ஆசிரமத்துலதான் ஜே.சி.குமரப்பா தன் கடைசி வருஷங்களைக் கழிச்சார். 1892-ல் தஞ்சாவூர்ல ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தவர், அப்போ பேரு ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டன்ல கணக்கியல் படிச்சு, பம்பாய்ல சொந்தமா ஆடிட் நிறுவனம் நடத்தினார். அப்புறம் அமெரிக்கா போய் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்கள்ல படிச்சார். இந்தியா ஏன் ஏழையா இருக்கு, அரசாங்கம் வாங்கற வரி எங்க போகுதுன்னு கொலம்பியால ஆராயப் போய், ஆளே மாறிட்டார். 1929-ல் சபர்மதியில காந்தியைச் சந்திச்சார். கோட்டு சூட்டு கதரா மாறுச்சு, கொர்னேலியஸ் குமரப்பா ஆனார்.

இந்த மாதிரி கதையை 'எல்லாத்தையும் துறந்தார்'னு நாம ஒரு வரியில முடிச்சுடுவோம். எனக்கு அவர் துறக்காத விஷயம்தான் பிடிச்சிருக்கு. கணக்கு எழுதறதை அவர் விடவே இல்லை. 1934-ல் பீகார் பூகம்ப நிவாரண நிதிக் கணக்கை அவர்தான் பார்த்தார். காந்தியும் அவர்கூட வந்தவங்களும் பாட்னாவில தங்கினப்போ, அவங்க செலவை நிவாரண நிதியில எழுத முடியாதுன்னு சொல்லிட்டார். காந்திக்கே 'நோ' சொல்ற அளவுக்கு ஒரு ஆடிட்டர்! நாற்பதுகள்ல ஜெயில்ல இருந்தப்போ ரெண்டு புத்தகம் எழுதினார். ஒண்ணு இயேசுவோட போதனை பத்தி, இன்னொண்ணு 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. அதுல குரங்கு தான் நடாத மரத்துல பழம் பறிக்குது, தேனீ தன் கூட்டுக்காகச் சேர்க்குது, தாய்ப்பறவை எதையும் திருப்பி எதிர்பார்க்காம குஞ்சுக்கு ஊட்டுதுன்னு பொருளாதாரத்தைப் படிப்படியாப் பிரிக்கிறார். நம்ம ஆஃபர் லெட்டர்ல இருக்கிற வேலை இதுல எந்தப் படின்னு ஒரு தடவை பார்க்கலாம். குரங்கா இருந்தா உடனே ரிஜெக்ட் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஏன் சொல்ல மாட்டேன்னா, குமரப்பா வசதியான வீட்டுப் பிள்ளை, கல்யாணமும் பண்ணிக்கலை. நமக்கு எஜுகேஷன் லோன் இருக்கு. என் கணக்கையே சொல்றேன். கைக்கு மாசம் 25,000 வரும். லோன் இஎம்ஐ 6,700. வீட்டுக்கு 7,000. சென்னையில பிஜி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 9,000. தசமபாகம் 2,500. கூட்டிப் பாருங்க, 200 ரூபாய் துண்டு விழுது. இதுல செருப்பு அறுந்தா என்ன பண்றதுன்னு வேற இருக்கு. அம்மா காணிக்கையை முதல்ல எடுத்து வைங்கறாங்க. அப்பா கடனை முதல்ல முடிங்கறார். கடன்காரனைக் காக்க வச்சுட்டுக் கொடுக்கிற காணிக்கையில எனக்கு உடன்பாடு இல்லை. லோன் முடியற வரைக்கும் தசமபாகம் 1,000-ஆ இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். சபையில சிலருக்குப் பிடிக்காது. ஆனா 'கொடுத்தேன், கர்த்தர் கார் தந்தார்'னு சாட்சி சொல்றது எனக்கு முதலீடு மாதிரிதான் கேட்குது.

உண்மையில பத்து சதவீதம் நம்மளைப் பெருசா சோதிக்கறது இல்லை. 25,000 சம்பளத்துல அது வலிக்கும். ரெண்டு லட்சம் வர்றப்போ 20,000 கொடுத்துட்டு, மிச்சம் 1,80,000-ஐப் பத்தி யாரும் கேள்வி கேட்காம நிம்மதியா இருக்கலாம். அங்கதான் வழுக்கும். 18-ஆம் நூற்றாண்டுல ஜான் வெஸ்லி இதுக்கு வேற வழி வச்சிருந்தார். ஆக்ஸ்போர்டுல வருஷம் 30 பவுண்ட் வந்தப்போ 28-ல வாழ்ந்துட்டு 2 பவுண்ட் கொடுத்தார். 60 ஆச்சு, 90 ஆச்சு, 120 ஆச்சு. அப்பவும் 28-லயே வாழ்ந்தார். சதவீதத்தை விட்டுட்டு, செலவுக்கு ஒரு மேல்வரம்பு போட்டுக்கிட்டார்.

என் வரம்பு: லோன் முடிஞ்ச பிறகு, இன்னைய விலைவாசியில மாசம் 40,000. வருஷா வருஷம் விலைவாசி ஏறற அளவுக்கு மட்டும் ஏறும். வீட்டுக்கு அனுப்பறது, மெடிக்கல் இன்சூரன்ஸ், ஆறு மாசச் செலவுக்கான சேமிப்பு எல்லாம் இதுக்குள்ள. அதுக்கு மேல வர்றதுக்கு வேற பேர் எழுதியிருக்கேன். முதல் பேர், எங்க ஆனையூர்ல எங்க தெருவுலயே பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணோட காலேஜ் ஃபீஸ். உங்க நம்பர் 40,000-ஆ இருக்கணும்னு இல்லை, ஒரு லட்சமாக்கூட இருக்கட்டும். ஆனா இப்பவே எழுதுங்க. ரெண்டாவது இன்க்ரிமென்ட் வந்த பிறகு எழுதினா, அந்த நம்பரை நீங்க எழுத மாட்டீங்க, பக்கத்து சீட்காரரோட கார் எழுதும்.

இந்தப் பேப்பரை வீட்டில காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு லோன் வரியில மட்டும் ஒரு டிக் போட்டார். அம்மா மேலிருந்து கீழ வரைக்கும் விரல் வச்சுப் படிச்சுட்டு, "ஏம்மா, இதுல உன் கல்யாண நகை எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. 40,000-க்கு உள்ளயா, வெளியயா? இன்னும் எழுதலை.